சத்தம் போடாத வால்வு

சைடு வால்வு இன்ஜினில் டாப்பெட் சத்தம் என்று ஒரு வண்டி வந்து நின்றால், பட்டறைகளில் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான் நடக்கிறது. பக்கவாட்டு மூடியைக் கழற்றுவார்கள், சத்தம் போடுகிற டாப்பெட் எது என்று காதால் தேடுவார்கள், அது அடங்கும்வரை அதன் ஸ்க்ரூவை ஏற்றிவிடுவார்கள். வண்டிக்காரரும் மகிழ்ச்சியோடு ஓட்டிக்கொண்டு போவார். இந்தப் பழக்கம் பழைய இன்ஜின்களைக் கெடுக்கிறது என்பதை இங்கே வாதிட்டுச் சொல்ல விரும்புகிறேன். இந்த வகை இன்ஜினில் சத்தம் போடுகிற வால்வு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சத்தமே இல்லாமல் அடங்கிப்போன வால்வுதான் எரிந்துபோகும். எனவே எட்டு வால்வுகளையும் அளக்காமல் ஒரு வால்வின் சத்தத்தையும் அடக்கக் கூடாது.

இதற்கு நான் எடுத்துக்கொள்வது வில்லிஸ் ஜீப்பின் நாலு சிலிண்டர் எல்-134 இன்ஜின். 134 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். வில்லிஸ் நிறுவனத்தின் பொறியாளர் பார்னி ரூஸ், அதற்கு முன்பிருந்த ஒரு சாதாரணக் கார் இன்ஜினைச் செப்பனிட்டு இந்தத் திறனுக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப்போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து செய்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளில் ஓடியது இதுதான். 1947இல் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியபின், நம் ஊர் மெக்கானிக்குகளின் கைக்கு நன்றாகப் பழகிய இன்ஜினாக ஆனது. லேண்ட்மாஸ்டரிலும் முதல் அம்பாசடர்களிலும் இருந்த 1476 சி.சி. இன்ஜினும் சைடு வால்வுதான். கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். அமைப்பு எளிமையானது. வால்வுகள் ஹெட்டில் தொங்குவதில்லை. சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே தலை மேலாக நிற்கின்றன. வால்வின் தண்டு கீழ்நோக்கி வருகிறது, அதன் நுனிக்கு அடியில் டாப்பெட், டாப்பெட்டுக்கு அடியில் கேம் ஷாஃப்ட். ராக்கர் கிடையாது, புஷ் ராடு கிடையாது. தண்டின் நுனிக்கும் டாப்பெட் ஸ்க்ரூவின் தலைக்கும் நடுவே இருக்கும் ஒரே ஒரு இடைவெளியைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

இந்த இடைவெளி தேய்மானத்தால் இரண்டு எதிர்த்திசைகளில் மாறுகிறது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கேம் லோபோ, டாப்பெட்டின் அடிப்பகுதியோ, ஸ்க்ரூவின் தலையோ, தண்டின் நுனியோ தேய்ந்தால் இடைவெளி கூடும், சத்தமும் கூடும். ஆனால் வால்வின் முகமோ அது உட்காரும் சீட்டோ தேய்ந்தால் வால்வு பிளாக்குக்குள் இன்னும் கீழே இறங்குகிறது, தண்டின் நுனி டாப்பெட்டை நெருங்குகிறது, இடைவெளி குறைகிறது. சத்தமும் குறைகிறது. அதாவது, இன்ஜினின் மிக முக்கியமான மூடுபரப்பு தேயத் தேய, வெளியிலிருந்து கேட்பவருக்கு இன்ஜின் இன்னும் அமைதியாகத் தெரியும். அதோடு சூடு சேர்கிறது. எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு பிளாக்கைவிட அதிகம் சூடாகும், அதிகம் நீளும். 150 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு பிளாக்கைவிடச் சராசரியாக 100 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அது 0.18 மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக நீளும். 1944இல் வந்த அமெரிக்க ராணுவக் கையேடு இந்த இன்ஜினுக்குச் சொல்லும் இடைவெளி, குளிர்ந்த நிலையில் 14 தௌ, அதாவது அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 14 பங்கு. மில்லிமீட்டரில் 0.36. சூடானதும் இதில் பாதி போய்விடுகிறது. சீட் தேய்மானத்தில் ஏற்கெனவே பாதி போயிருந்தால் மிச்சம் எதுவும் இல்லை. வால்வு சீட்டில் முழுமையாக அமராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டின் வழியாகத்தான் பிளாக்குக்குக் கடத்துகிறது. சீட்டைத் தொடாத வால்வு ஆறாது. அந்தச் சிறு சந்தில் தீ பீறிட்டு ஓடி விளிம்பை அரிக்கும். இத்தனையும் நடக்கும்போது டாப்பெட் சத்தம் என்று ஒன்று கேட்கவே கேட்காது.

சத்தம் எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இடைவெளி இருந்தால் தட்டும் என்பது பாதி உண்மை. கேம் லோபின் இரண்டு பக்கமும் மெல்லிய சரிவு ஒன்று வைத்துக் கடைந்திருப்பார்கள். டாப்பெட் அந்தச் சரிவின்மீது மெதுவாக ஏறி, இடைவெளியை நிரப்பி, தண்டைத் தொட்ட பிறகுதான் வேகமான ஏற்றம் தொடங்கும். இறங்கும்போதும் அப்படியே, வால்வு சீட்டில் அமரும் நேரத்தில் வேகம் மட்டுப்பட்டிருக்கும். இடைவெளி அந்தச் சரிவின் உயரத்துக்குள் அடங்கும்வரை மெல்லிய தட்டல்தான் கேட்கும். அதைத் தாண்டிவிட்டால் டாப்பெட் தண்டை முழு வேகத்தில் மோதும், மூடும்போது வால்வும் சீட்டை அதே வேகத்தில் அறையும். ஆகவே சத்தம் இடைவெளியோடு சீராக ஏறுவதில்லை. ஓர் எல்லைவரை அமைதி, அப்புறம் திடீரென்று தாவல். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சரிவு தேய்ந்துபோன கேமில், இடைவெளி கையேட்டில் சொன்னபடி மிகச்சரியாக இருந்தாலும் சத்தம் வரும். அந்தச் சத்தத்தை ஸ்க்ரூ ஏற்றி அடக்கினால், கேமின் குற்றத்துக்கு வால்வைத் தண்டிக்கிறோம்.

இனி என் வாதத்துக்கு நான் மிகவும் நம்பும் சான்று. இந்த இன்ஜின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றுகிறது. கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகம். ஆக ஒரு வால்வு நொடிக்கு 5 முறை திறந்து மூடுகிறது. எட்டு வால்வும் சேர்ந்தால் நொடிக்கு 40. நொடிக்கு 40 தட்டல்களை நம் காது தனித்தனியாகப் பிரிக்காது. தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரே சீரான ஒலியாகத்தான் கேட்கும். நொடிக்கு 5 என்றால் ஒவ்வொன்றும் தனித்து விழும். எட்டு வால்வும் 14 தௌவில் இருக்கும் இன்ஜினில் தனியாகத் தட்டுவது எதுவும் இருக்காது. இப்போது சீட்டுகள் தேய்ந்து ஏழு வால்வுகள் 6, 7 தௌவுக்கு இறங்கிவிட்டன, ஒன்று மட்டும் 14லேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காதுக்குக் குற்றவாளியாகத் தெரிவது அந்த ஒன்றுதான். காதை மட்டும் நம்புகிறவர், சரியாக இருந்த ஒரே வால்வை இறுக்கி, எட்டையும் கெட்ட வால்வுகளாக ஆக்கி அனுப்பிவைப்பார். அனுப்பும்போது இன்ஜின் மிக அமைதியாக இருக்கும். நாலு மாதம் கழித்துக் கம்ப்ரஷன் இல்லை என்று ஹெட்டைக் கழற்றும்போது, பழைய வண்டிக்கு இதெல்லாம் சகஜம் என்று சொல்லிவிடுவார்கள்.

காதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனுபவமுள்ள கைகள் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பிளாக்கில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டு எவ்வளவோ கண்டுபிடிக்கின்றன. அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். டாப்பெட் சத்தம் எது, டாப்பெட் சத்தம் அல்லாதது எது என்று பிரிப்பதற்குக் காதைவிட விரைவான கருவி இல்லை. கேமின் தாளத்தில், கிராங்கின் பாதி வேகத்தில் விழும் சத்தமா என்பது முதல் கேள்வி. அதற்கடுத்து, ஒவ்வொரு பிளக்காக ஷார்ட் செய்து பார்க்க வேண்டும். கனெக்டிங் ராடு பேரிங் தட்டினால் அந்தச் சிலிண்டரின் பிளக் அணைந்ததும் சத்தம் மாறும் அல்லது மங்கும். டாப்பெட் அதைப் பொருட்படுத்தாது. இன்ஜின் வேகம் சற்றுக் குறைவதற்கு ஏற்பத் தாளம் தாழுமே தவிர, தட்டல் தொடரும். மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு இருந்தால் அதுவும் டாப்பெட்டைப் போலவே டிக் டிக் என்று அடிக்கும், அதுவும் கேமின் தாளத்திலேயே. எல்-134இல் மேனிஃபோல்டும் டாப்பெட் மூடியும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் ஏமாறுவது இன்னும் எளிது. பிளக்கை ஷார்ட் செய்தால் கசிவின் ஓசை அடங்கும். சைலன்சர் வாயைத் துணியால் ஒரு நொடி அடைத்தால் பெரிதாகும். இது தெரியாமல் டாப்பெட்டைத் திருப்பியவர்கள் ஏராளம். பெட்ரோல் பம்பின் கையும் கேம் ஷாஃப்ட்டிலிருந்துதான் அசைகிறது. அதன் ஊசியும் ஸ்பிரிங்கும் தளர்ந்தால் அதே பாதி வேகத் தட்டல் வரும். பம்பைக் கழற்றி, அந்த ஓட்டையைத் தகடு வைத்து மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலில் சற்று நேரம் ஓடவிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். தொடக்ககால எல்-134களில் இருந்த டைமிங் செயின் தளர்ந்தால் வரும் ஓசை முன்பக்கத்தில் கரகரவென்று இருக்கும், ஆக்சிலரேட்டரை விட்டதும் கூடும். அதைப் பிரிப்பது கடினமில்லை.

இவ்வளவும் காது செய்யும். ஆனால் எவ்வளவு இடைவெளி என்று காது சொல்லாது, பேசாத வால்வைப் பற்றி எதுவும் சொல்லாது. வார்ப்பிரும்பு பிளாக் ஒரே கட்டி. மூன்றாம் வால்வின் அடி நான்காவதின் இடத்திலும் கேட்கும். அதனால் ஃபீலர் கேஜைத் தவிர்க்க வழியில்லை. அதைச் செய்யத் தயங்குவதற்கு இயல்பான காரணம் உண்டு: மூடி சூடான மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கிறது, கை நுழைய இடமில்லை. நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அளவு குளிர்ந்த இன்ஜினுக்குத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் அளப்பதே முறை. ஒன்பதின் கணக்கு இந்த இன்ஜினுக்குப் பொருந்தும். முன்னாலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுத்தால், முதல் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது எட்டாவதை அளக்கலாம், இரண்டாவது திறந்திருக்கும்போது ஏழாவதை. கூட்டினால் எப்போதும் 9. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்பதால் ஒன்றும் நாலும் ஜோடி, இரண்டும் மூன்றும் ஜோடி. ஜோடியில் ஒன்றின் வால்வு முழுதாகத் திறந்திருக்கையில் மற்றதன் அதே வால்வின் டாப்பெட் கேமின் வட்டப்பகுதியில் உட்கார்ந்திருக்கும். 13 தௌ தாராளமாக நுழைய வேண்டும், 15 நுழையக் கூடாது. 14ஐ மட்டும் வைத்து இறுக்கத்தைக் கையால் உணர்வதைவிட இது நம்பகமானது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும்: ஃபீலர் கேஜும் பொய் சொல்லுமே என்று. சொல்லும்தான். பல ஆண்டு ஓடிய இன்ஜினில் ஸ்க்ரூவின் தலையில் தண்டின் நுனி குழி பறித்திருக்கும். கேஜின் தகடு குழியின் இரு கரையிலும் பாலம்போட்டு நிற்கும், குழியின் ஆழத்தை அறியாது. 14 என்று அளந்த இடத்தில் உண்மையில் 18, 20 இருக்கும். முறைப்படி வைத்தும் சத்தம் போகவில்லை என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் இதிலிருந்து அளப்பதே வீண் என்ற முடிவுக்குப் போவது தவறு. ஸ்க்ரூவின் தலையைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், குழி இருந்தால் கழற்றிச் சமமாகச் சாணை பிடிக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். டயல் கேஜ் இருந்தால் தண்டின் அசைவை நேரடியாகவே அளக்கலாம். அளவுகளே ஒன்றுக்கொன்று மாறுகின்றனவே, ராணுவக் கையேட்டில் 14, பின்னால் வந்த பொதுமக்கள் ஜீப்பான சிஜே-2ஏக்கு 16, எதை நம்புவது என்றும் கேட்பார்கள். ஏறத்தாழ ஒரே இன்ஜினுக்கு அளவு மாறியது உண்மைதான். மாறிய திசையைக் கவனியுங்கள், குறையவில்லை, கூடியிருக்கிறது. எந்த வண்டி எந்த ஆண்டு என்று தெரியாத இன்ஜினுக்கு, குறிப்பாக எக்ஸாஸ்ட்டுக்கு, நான் 16ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். இரண்டு தௌ கூடுதல் இடைவெளியால் கொஞ்சம் சத்தம் வரும், சற்றே குறைவான திறப்பு வரும். இரண்டு தௌ குறைவால் வரக்கூடியது எரிந்த வால்வு. இரண்டும் சமமான நஷ்டம் அல்ல.

அளந்ததில் ஏதாவது ஒரு வால்வு 8க்குக் கீழே இருந்தால், உடனே ஸ்க்ரூவை இறக்கி 14க்குக் கொண்டுவந்து மூடியைப் போட்டுவிடக் கூடாது. இடைவெளி ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு விடை சீட்டில் இருக்கிறது. கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். குறைந்த சிலிண்டரில் எண்ணெய் விட்டுப் பார்க்கும் பழக்கம் சைடு வால்வு இன்ஜினில் ஏமாற்றும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிளக் ஓட்டைக்குக் கீழே இருப்பது வால்வுகள். விட்ட எண்ணெய் முதலில் அவற்றின் மேல்தான் விழும், கசியும் சீட்டைத் தற்காலிகமாக அடைக்கும், கம்ப்ரஷன் ஏறும், ரிங்தான் போய்விட்டது என்ற தவறான தீர்ப்பு கிடைக்கும். காற்றுக் குழாயைப் பிளக் ஓட்டையில் இணைத்துக் கேட்பதே நம்பத்தக்கது: கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட், எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். வேக்குவம் கேஜும் நல்ல துணை. கடல்மட்டத்தில் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்ட வேண்டும்; முள் ஒரே சீராக ஒரு துடிப்பு விழுந்துகொண்டிருந்தால் ஒரு வால்வு மூடவில்லை, எப்போதாவது விழுந்தால் கைடில் ஒட்டிக்கொள்கிறது. ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும் என்பதால், ஊட்டியில் ஓடும் ஜீப்பில் 13, 14 காட்டினால் அதைக் குற்றமாக எண்ணிவிடக் கூடாது; அங்கே முள்ளின் உயரத்தைவிட அதன் நடுக்கம்தான் பேசும்.

அதிக இடைவெளியும் கேடுதானே என்பது எல்லா ஆட்சேபங்களிலும் வலுவானது. கேடுதான். 25, 30 தௌ இடைவெளியோடு ஓடினால் தண்டின் நுனி மழுங்கும், சீட் அடிபடும், ஸ்பிரிங் சீக்கிரம் ஓயும். நான் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை; அதன் காரணத்தைத் தேடச் சொல்கிறேன். சரியான இடைவெளியிலும் ஒரு வால்வு தட்டினால் அந்த டாப்பெட்டின் ஏற்றத்தை டயல் கேஜில் அளந்து மற்ற ஏழோடு ஒப்பிட வேண்டும். குறைவாக ஏறினால் அந்த லோப் தேய்ந்திருக்கிறது. டாப்பெட் தன் துளையில் பக்கவாட்டில் ஆடுகிறதா, தண்டு கைடில் ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கின் நெருக்கமான சுற்றுகள் பிளாக்கின் பக்கம், அதாவது மேலே இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டிருந்தால் வேகம் கூடும்போது சத்தம் வரும், அதை எந்த ஸ்க்ரூவும் தீர்க்காது. எக்ஸாஸ்ட் சீட்டுக்கு இந்த இன்ஜினில் தனி வளையம் பதித்திருக்கிறார்கள். அது தளர்ந்து ஆடினால் வரும் தட்டலும் டாப்பெட்டைப் போலவே இருக்கும், அது வெளியே வந்தால் இன்ஜினே போய்விடும். அந்தத் தட்டலை ஸ்க்ரூவை ஏற்றி மறைப்பதைவிட மோசமான வேலை இந்தத் தொழிலில் இருக்க முடியாது. கெட்டியான எண்ணெய் ஊற்றி அடக்குவதும் இதே வகைதான்; கெட்டி எண்ணெய் மோதலின் ஓசையைச் சற்று விழுங்குகிறது, மோதலை நிறுத்துவதில்லை.

நவீன கார்கள் சத்தமில்லாமல் ஓடுகின்றனவே என்று வண்டிக்காரர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அவற்றில் பலவற்றில் எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் இருக்கிறது. அது பழைய காலத்திலும் இல்லாததல்ல. 1938லேயே லிங்கன் ஸெஃபைரின் வி-12 சைடு வால்வு இன்ஜினுக்கு வந்துவிட்டது. அந்த இன்ஜினில் தட்டல் கேட்டால் முதலில் எண்ணெயையும் டாப்பெட்டின் உள்ளே சேர்ந்த கசடையும் பார்க்க வேண்டும். ஜீப்புக்குச் சொன்ன கணக்கு அங்கே செல்லாது. மறுகோடியில் 1932இல் வந்த ஃபோர்டு வி-8 இருந்தது: அதன் டாப்பெட்டில் ஸ்க்ரூவே கிடையாது. இடைவெளி குறைந்தால் தண்டின் நுனியைச் சாணை பிடிக்க வேண்டும். கூடினால் சீட்டையோ வால்வையோ தேய்த்து வால்வைக் கீழே இறக்க வேண்டும், இல்லையென்றால் புது வால்வு. அளக்காமல் யாரும் கைவைக்க முடியாத அமைப்பு அது. ஜீப்புக்கு ஸ்க்ரூ கொடுத்தது வேலையை எளிதாக்கியது. அளக்காமல் திருப்பும் சோம்பலுக்கும் அதுவே வழி திறந்தது.

ஒரு சலுகையும் இந்த இன்ஜினுக்கு உண்டு. ஹெட்டில் வால்வும் பிளாக்கில் கேமும் உள்ள இன்ஜின்களில் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கினால் இடைவெளி மாறும், திரும்ப அளக்க வேண்டும். இங்கே வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால் ஹெட்டை எத்தனை முறை இறுக்கினாலும் இடைவெளி அசையாது. ஆகவே எட்டு அளவுகளையும் தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதி வண்டியிலேயே வைத்தால், அடுத்த முறை தெரியும் வித்தியாசம் முழுக்கத் தேய்மானத்தின் கணக்காகவே இருக்கும். புதிதாகச் சீட் வெட்டி வால்வு தேய்த்த இன்ஜினை 500 கிலோமீட்டரில் ஒருமுறை அளப்பது அவசியம், ஏனென்றால் சீட் படியும்போதுதான் இடைவெளி வேகமாகக் குறையும். 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. எக்ஸாஸ்ட்டுக்குக் கடினமான வளையம் இருப்பதால் ஜீப்புக்கு அதனால் பெரிய ஆபத்து இல்லை, வார்ப்பிரும்பிலேயே சீட் வெட்டிய மற்ற சைடு வால்வு இன்ஜின்களை அடிக்கடி அளக்க வேண்டும். பழைய தாளோடு ஒப்பிடும்போது நாலு அல்லது ஐந்து தௌ கூடிய வால்வுக்கு ஸ்க்ரூவின் தலையையும் கேமின் ஏற்றத்தையும் பார்க்கலாம்; அதற்கு அடுத்த வாரம்வரை அவகாசம் உண்டு. அதே அளவு குறைந்த எக்ஸாஸ்ட் வால்வு இருந்தால், இன்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும், காற்றுச் சோதனை முடியும்வரை வண்டியை மலையேற்றத்துக்குக் கொடுக்கக் கூடாது.